பெரும்பாட்டுக்குக் கருப்பையை எடுப்பது முதல் வழியல்ல

"பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அந்தப் பை எதற்கு? எடுத்துவிட்டால் நிம்மதி." பெரும்பாட்டால் மாதாமாதம் ரத்தம் கொட்டிச் சோர்ந்து வரும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு வீட்டிலும் கிளினிக்கிலும் இந்த ஒரே பதில்தான் கிடைக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திராவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. நாடு முழுவதும் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கும் வலியும்தான்.

பிள்ளை பெற்றபின் கருப்பையால் பயனில்லை என்பது முதல் வாதம். பல சமயம் அதோடு சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதில் சினைப்பை போனால் அன்றே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். எலும்பு தேயும், இதயநோய் ஆபத்து கூடும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சில ஆண்டுகள் முந்தியே ஓய்ந்துபோக வாய்ப்புண்டு. களையெடுத்தும் கல் சுமந்தும் பிழைக்கும் பெண்ணுக்கு எலும்புதான் மூலதனம்.

"மாத்திரையெல்லாம் தற்காலிகம், எடுத்தால்தான் தீரும்" என்பது அடுத்தது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எதனால் ரத்தம் போகிறது என்று பார்க்காமலே சொல்லப்படும் தீர்ப்பு இது. பாலிப், நார்க்கட்டி, தைராய்டு, ரத்தம் உறையாத கோளாறு, ஹார்மோன் குழப்பம் என்று காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1960களிலேயே ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. பலருக்கு ரத்த இழப்பைப் பாதியளவுக்குக் குறைக்கிறது. லக்னோ ஆய்வகத்தில் உருவான ஆர்மிலாக்சிஃபீன் மாத்திரையும் உண்டு.

இவற்றைவிட வலுவானது ஹார்மோன் காயில். காப்பர்-டி போல உள்ளே வைக்கும் சிறு கருவி. 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, ஐந்தாண்டுகள் வேலை செய்யும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பெரிய கட்டி போன்றவை இல்லாத பெண்களுக்கு இதையே முதலில் யோசிக்கச் சொல்கிறது. விலக்கு குறையும், சிலருக்கு நின்றேபோகும். "அப்போது கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?" என்று நம் பெண்கள் அஞ்சுகிறார்கள். தங்காது. கருப்பையின் உள்சவ்வு தடிக்காததால் வெளியேற எதுவும் சேர்வதே இல்லை. முதல் சில மாதங்கள் சொட்டுச்சொட்டாகப் படலாம். இதை முன்பே சொல்லாததால்தான் பலர் பயந்து கழற்றிவிடுகிறார்கள்.

இதற்கும் அடங்காவிட்டால், இனி குழந்தை வேண்டாதவர்களுக்குச் சூடான திரவம் நிரம்பிய பலூனால் உள்சவ்வைச் சில நிமிடங்களில் சுட்டுவிடலாம். கருத்தடை மட்டும் தொடர வேண்டும். சிலருக்குப் பின்னர் அறுவை தேவைப்படவும் கூடும். உட்புறமுள்ள பாலிப்பையும் கட்டியையும் யோனி வழியாகவே கேமரா வைத்து நீக்கலாம். நார்க்கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயைத் தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைக்கும் மெல்லிய குழாய் வழியாக அடைக்கும் முறையை 1995இல் பாரிஸ் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதே இல்லை.

"எடுத்துவிட்டால் கேன்சர் பயமில்லை" என்பது மிக மோசமான வாதம், ஏனென்றால் அது பயத்தை விற்கிறது. அதிகப் போக்கு பெரும்பாலும் புற்றுநோயால் வருவதல்ல. சந்தேகம் இருந்தால், குறிப்பாக 45 வயதைத் தாண்டியவர்களுக்கு, உள்சவ்வில் துளி எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள்.

லேப்ராஸ்கோப்பியில் துளை சின்னதுதானே என்கிறார்கள். துளை சின்னது, உள்ளேயிருந்து போவது முழு உறுப்பு.

"மற்ற வைத்தியத்துக்குச் செலவாகும், அறுவை இலவசம்" என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிரதமரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்குப் பணம் தரும், வெளிநோயாளி வைத்தியத்துக்குத் தராது. ஏழைப் பெண்ணுக்கு இலவசமாகக் கிடைப்பது கத்திதான் என்றால் அவள் கத்தியைத்தான் தேர்ந்தெடுப்பாள். மாற்ற வேண்டியது அந்த ஏற்பாட்டை.

புற்றுநோய், மிகப் பெரிய கட்டிகள், எந்த வைத்தியத்துக்கும் அடங்காத அடினோமயோசிஸ் (உள்சவ்வு கருப்பைத் தசைக்குள் வளர்வது) ஆகியவற்றில் கருப்பையை எடுப்பது சரியான முடிவாக இருக்கலாம். எல்லா வழிகளையும் கேட்டறிந்தபின் ஒரு பெண் தானே அதை விரும்பினால், அதுவும் சரிதான். ஆனால் 40 வயதுக்குட்பட்டவருக்கு எடுப்பதானால் இரண்டு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். அவற்றை நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அட்மிஷன் தேதி குறிக்கும் முன் அந்த இரண்டாவது கருத்தைக் கேட்கும் உரிமை எந்தப் பெண்ணுக்கும் உண்டு.