சந்தேகம் யார் மீது விழும்?

இணையவழித் தேர்வுகளில் பிள்ளைகள் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்டு விடை எழுதுகிறார்கள் என்று ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. கேள்வியைப் படம் எடுத்துப் போட்டால் சில நொடிகளில் விடை வந்துவிடுகிறது. இதில் ஏமாறுவது இரவெல்லாம் விழித்துப் படித்த பிள்ளைதான். எனவே தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படித் தடுப்பது என்பதே நம் கேள்வி.

இதற்கென இரண்டு வகை மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, விடையைப் படித்து 'இதை எந்திரம் எழுதியது' என்று சொல்வது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகளை எந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், பழகிய வாக்கியங்களில் எழுதியதே அவர்கள் செய்த குற்றம். நம் முதல் தலைமுறைப் பிள்ளைகளின் ஆங்கிலமும் அப்படிப்பட்டதுதான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தனது கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

இன்னொன்று, கேமரா வழியே கண்காணிப்பது. முகம் திரும்பினாலோ வேறு குரல் கேட்டாலோ சந்தேகக் குறி விழும். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் காலனி வீட்டில் குரல் கேட்காமல் எப்படி இருக்கும்? தோலின் நிறமும் சேர்ந்துகொள்கிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள், கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறியதை 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெளிர்நிற ஆண்களிடம் அந்தத் தவறு 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

தமிழ்நாடும் இதைப் பார்த்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 தொடக்கத்தில் இணையவழியில் நடத்திய தேர்வில், கண்காணிப்பு மென்பொருள் தங்களைத் தவறாகக் குறித்துவிட்டது என்று மாணவர்கள் முறையிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது.

வேறு வழி என்ன? மதிப்பெண் தரும் தேர்வை வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளியிலேயே நடத்தலாம். அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. தேர்வுப் பக்கம் மட்டும் திறக்கும்படி கணினியை அமைத்து, ஆசிரியர் அருகில் இருந்தால் போதும். வீட்டில் எழுதிய விடையில் ஐயம் வந்தால், பிள்ளையை அழைத்து இரண்டு கேள்வி கேட்கலாம்.

ஆனால் அங்கும் நமக்கு ஓர் அனுபவம் உண்டு. டெல்லி எய்ம்ஸில் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. வாய்மொழித் தேர்வில் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று தலித், பழங்குடி மாணவர்கள் அக்குழுவிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே கேள்வி கேட்பவர் ஒருவராக இருக்கக் கூடாது. இரண்டு ஆசிரியர்கள் கேட்க வேண்டும். கேட்டதும் சொன்னதும் எழுத்தில் பதிவாக வேண்டும். மென்பொருளின் குறியை மட்டும் வைத்து யாருடைய மதிப்பெண்ணிலும் கை வைக்கக் கூடாது.

மாணவர்களே, எழுதிப் பார்த்த தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். அவை உங்கள் உழைப்பின் சாட்சி. பெற்றோர்களே, 'கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது' என்று பள்ளி சொன்னால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.