வாசல் சுத்தம், கொடுங்கையூர்?



காலையில் வாசலில் வைக்கும் குப்பை பத்து மணிக்குள் காணாமல் போய்விடுகிறது. நமக்கு அத்தோட முடிஞ்சுது. கொடுங்கையூர்க்காரருக்கு அப்போதுதான் ஆரம்பம். சென்னையின் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. நம்ம குப்பை எல்லாம் இந்த இரண்டு ஊர் தலையில். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை விழுங்கியே வளர்ந்தது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் அதே சதுப்பு நிலம்தான்.

நம்ம வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி காய்கறித் தோல், மிச்சச் சோறு, வாடிய பூ. இதைப் போய் குப்பைன்னு சொல்லலாமா? பழைய பெயின்ட் வாளியில் நாலு ஓட்டை போடுங்க. அடியில் காய்ந்த இலை, மேலே காய்கறிக் கழிவு, அதை மூட தென்னை நார்த்தூள், ஒரு கை புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். இன்னும் நார்த்தூள் போட்டுக் கிளறுங்க. இரண்டு, மூன்று மாதத்தில் மாடித் தக்காளிக்கு உரம் தயார்.

ஆனால் மக்களுக்கு மட்டும் பாடம் எடுத்தால் போதாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று பிரிக்கணும்னு 2016-லேயே விதி வந்தாச்சு. நாம் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், மறுநாள் யார் பிரிப்பார்?

தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடாதீங்க. தடுப்பில்லாத வண்டியை வாங்கியது அவர் இல்லை. உங்க வார்டு கவுன்சிலரைக் கேளுங்க. அவர் நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் கேளுங்க!