ஒன்பதாந் தரத்து ஆங்கிலக் கொப்பி

ஜூபிலி மலர்களில் எழுதப்புகுவோர் கட்டடங்களையும் கிண்ணங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பற்றி எழுதுதல் மரபு. அம்மரபினைக் குறைகூற நாம் வரவில்லை. எனினும், ஒரு கல்லூரியின் நிலையை உள்ளவாறு அறிய விரும்பும் பழைய மாணவர் எவரும், மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னர், ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவனுடைய ஆங்கிலக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும் என்பது எமது துணிபு. முதற்பரிசு பெறுபவனின் கொப்பியை அதிபர் தாமாகவே காட்டுவார். நாம் கேட்பது நடுவாங்கில் இருப்பவனின் கொப்பியை.

அக்கொப்பியில் கரும்பலகையைப் பார்த்தெழுதியவை பல பக்கங்கள் இருக்கும். கோடிட்ட இடங்களில் நிரப்பிய சொற்கள் இருக்கும். மனனஞ்செய்து இறக்கிவைத்த கட்டுரை ஒன்றும் இருத்தல்கூடும். இவற்றையெல்லாங் கழித்த பின்னர், அவனே எண்ணி அவனே எழுதிய வாக்கியங்கள் எத்தனை எஞ்சும்? ஒன்றேனும் எஞ்சாத கொப்பிகள் பல. மூன்றாந் தரத்திலிருந்து முறையாக ஆங்கிலம் படித்து, ஏழாண்டு கழிந்த பின்னர் நிலை இது.

எம்மவர் ஆங்கிலக் கல்விக்காகப் பட்ட பாடு சிறிதன்று. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான், 1872 இல் ஆங்கிலம் பயிற்றுதற்கென ஒரு பாடசாலையையும் தொடங்கினார். பொருட்குறையால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1890 ஆம் ஆண்டை அடுத்து ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்த இந்துக் கல்லூரிகள், சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமலே ஆங்கிலம் பயிலவேண்டும் என்னும் அதே எண்ணத்தின் பயனாம். அக்காலத்தில் அம்மொழி உத்தியோகத்துக்கு வாயில்; கட்டணங் கொடுக்க இயன்றவருக்கே அவ்வாயில் திறந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிமூலக் கல்வியும் படிப்படியாக வந்தது. கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள் தாய்மொழிக்காக வாதாடியவர். அவ்வாதத்தை ஆங்கிலத்திலும் நடத்த வல்லவர். ஆங்கிலம் எல்லாப் பாடசாலைகளுக்கும் உரிய இரண்டாம் மொழியாயிற்று. 1980 முதல் பாடநூலும் இலவசமாகக் கிடைக்கின்றது. இவ்வாறு பாடம் எல்லாருக்கும் எட்டியது. மொழி எட்டியதா என்பதே வினா.

எட்டாமையால் நட்டமடைபவன் யார்? வீட்டிலே ஆங்கிலம் பேசுவோர் பிள்ளையல்லன். மாலைதோறும் ரியூசனுக்குக் காசு கட்ட வல்லவனும் அல்லன். புகையிலைத் தோட்டத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் துவிச்சக்கர வண்டியில் வருகின்றானே, அவனே நட்டமடைகின்றான். 2002 முதல் சில பாடசாலைகளில் ஆறாந் தரத்திலேயே சில பாடங்களை ஆங்கிலமூலம் கற்கும் வாய்ப்பு உண்டு. அவ்வகுப்பில் இருப்பவனுக்கும் சுவருக்கு அப்பால் இருப்பவனுக்கும் இடையே ஒரே கூரையின் கீழ் தூரம் வளர்கின்றது. தமிழ்மூலம் உயர்தரம் படித்துச் சிறந்த சித்திகளோடு மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ செல்லும் மாணவன் அங்கே விரிவுரைகளும் நூல்களும் ஆங்கிலத்தில் இருக்கக் காண்கின்றான். அவன் அறிவிற் குறைந்தவனல்லன். ஒரு பக்கத்தைத் தானாக வாசித்துப் பொருள்கொள்ளும் பழக்கம் பன்னிரண்டு வயது தொடங்கிப் பதினான்கு வயதுக்குள் அவனுக்கு அமையவில்லை, அவ்வளவே.

ஆதலின் ஆறாந் தரந் தொடங்கி ஒன்பதாந் தரம் முடியுமளவும் ஆங்கில மாணவனிடம் எதனை எதிர்பார்த்தல் தகும் என்பதனை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளுதல் நன்று. எமது எதிர்பார்ப்பு பெரிதன்று. முன்னர் அறியாத ஒரு பக்கத்தை அவன் வாய்விடாது வாசித்து, அதிற் கூறப்பட்டது இன்னதென்று தன் சொல்லிற் கூறல்வேண்டும். தான் கண்டதையோ கருதியதையோ பிறர் உதவியின்றி ஒரு பந்தியாக எழுதல்வேண்டும். எழுதியதைத் திரும்ப வாசித்துத் தன் பிழைகளிற் சிலவற்றைத் தானே காணல்வேண்டும். இலக்கணச் சூத்திரங்களும் ஒத்தசொற் பட்டியல்களும் இவற்றுக்குத் துணையாக வரட்டும்.

வாசிப்பு என்று இன்று வகுப்பறையில் நடப்பது பெரிதும் குரற்பயிற்சி. மாணவன் எழுந்து நின்று ஒரு பந்தியைத் தடையின்றி ஒப்புவிக்கின்றான், ஆசிரியர் மகிழ்கின்றார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் 40 நிமிடப் பாடவேளையை எல்லாருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம். மற்றை முப்பத்தொன்பது நிமிடமும் அவன் பிறர் குரலைக் கேட்டிருத்தல்வேண்டும். பின்னர் வினாக்கள் வருகின்றன. அவற்றுக்கும் சரியான விடை எழுதிவிடுகின்றான். இவ்விடை எத்தன்மையது என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணங் காட்டுவோம். 'சிமுளன் தவிரியைக் குணத்தினான்' என்று ஒரு வாக்கியம் எழுதுகின்றோம். இதிற் பொருள் ஏதும் இல்லை. சொற்கள் நாம் படைத்தவை. 'தவிரியைக் குணத்தினவன் யார்?' என்று வினாவினால், 'சிமுளன்' என்று எவரும் விடை கூறிவிடலாம். சிமுளன் யார், தவிரி யாது, குணத்துதல் நல்ல செயலோ தீய செயலோ, ஒன்றும் அறியவேண்டுவதில்லை. எங்கள் பிள்ளைகள் ஆங்கில வாசகப்பகுதிகளுக்கு எழுதும் விடைகளிற் பாதி இத்தகையன. 'அவன் ஏன் அப்படிச் செய்தான்? நீயாயின் என்ன செய்திருப்பாய்?' என்று ஒரு வினாவைக் கூட்டிக் கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். அவ்வினாவுக்கு ஆறாந் தரத்துச் சிறுவன் தமிழில் விடை சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது எம் கருத்து. அவன் வாசித்து விளங்கினான் என்பது தெளிவாகின்றதன்றோ?

விளங்காமைக்குப் பெருங்காரணம் நூல் கடினமாயிருத்தல். ஒருவன் உதவியின்றி ஒரு பகுதியை விளங்கிக்கொள்வதற்கு அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 95 முதல் 98 வரை அவனுக்கு முன்னரே தெரிந்திருத்தல்வேண்டும் என்பர் மொழி கற்பித்தலை ஆராய்ந்தோர். நூற்றில் இருபது சொல் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பக்கம் வாசிப்பாகாது, அகராதி வேலையாகும். அவனுக்கு இலகுவான சிறுநூல்கள் வேண்டும், பலவாக வேண்டும். எட்டாந் தரத்து மாணவன் நாலாந் தரத்துக்கு உரிய கதைநூலை வாசித்தல் இழுக்கு என்று பெற்றோர் கருதுகின்றனர். முழுதும் விளங்கி வாசித்த பத்துச் சிறுநூல்கள், விளங்காது சுமந்த ஒரு பெருநூலினும் அவனைத் தொலைவு கொண்டுசெல்லும்.

இங்கே பழைய மாணவராகிய எம்மையும் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. கடல்கடந்த நாடுகளில் வாழும் அன்பர்கள் பெட்டி பெட்டியாக ஆங்கில நூல்களை அனுப்பிவைக்கின்றனர். அன்பிற் குறைவில்லை. ஆயின் பெட்டியைத் திறந்தால் பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளும், சட்டநூல்களும், பல்கலைக்கழகத்துக் கணக்கியல் நூல்களும் காணப்படுகின்றன. ஏழாந் தரத்துப் பிள்ளை கையில் எடுக்கத்தக்கது அவற்றுள் ஒன்றும் இல்லை. இருக்கும் சில நல்ல நூல்களும் கிழிந்துவிடும் என்னும் அச்சத்தால் கண்ணாடி அலுமாரியிற் பூட்டப்படுகின்றன. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களுக்காக இன்றும் நெஞ்சு நோகும் நாம், திறப்பில்லாத அலுமாரியுள் இருக்கும் நூல்களுக்காக நோவதில்லை.

இனி எழுத்துக்கு வருவோம். மாட்டைப் பற்றிய கட்டுரையை மாத்திரம் மனனஞ்செய்து சென்ற மாணவன், பரீட்சையிலே தென்னையைப் பற்றி எழுதும்படி கேட்கப்பட்டபோது, 'தென்னையிலே மாட்டைக் கட்டுவார்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மாட்டுக் கட்டுரை முழுவதையும் இறக்கிவைத்தான் என்னுங் கதை எல்லாரும் அறிந்ததே. அம்மாணவனிடம் ஓரளவு சமயோசிதமாவது இருந்தது. இன்றைய மாணவனிடம் கட்டுரைத் தொகுதி நூல் ஒன்று இருக்கின்றது. அதிலுள்ள சுற்றுலாவும் மழைநாளும் இலட்சியமும் ஆயிரம் பிள்ளைகளின் விடைத்தாள்களில் ஒரே வசனத்தோடு வருகின்றன. சாதாரணதரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாளில் ஏறத்தாழ 200 சொற்களில் ஒரு பொருள் பற்றி எழுதும்படி கேட்கின்றார்கள். ஒன்பதாந் தரம் முடிய ஐம்பது சொற்களையேனும் சொந்தமாக எழுதிப் பழகாதவன் இரண்டாண்டில் இருநூறுக்கு ஏறுவது எங்ஙனம்? மனனமே புகலிடமாகின்றது.

பிள்ளைகள் சொந்தமாக எழுதினால் பிழை மலியும் என்பது ஆசிரியர் அச்சம். மலியட்டும். அப்பிழைகள் பெரும்பாலும் மடமையால் விளைவன அல்ல. தமிழின் இயல்பறிந்தவர்க்கு அவற்றின் காரணம் விளங்கும். 'அவன் நல்லவன்' என்பது தமிழில் நிறைந்த வாக்கியம். ஆங்கிலத்தில் இடையே 'இஸ்' இன்றி அது நில்லாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாய் முன்னே நிற்கும். எங்கள் 'இல்' ஒன்று, அங்கே 'இன்', 'ஒன்', 'அற்' என மூன்றாய்ப் பிரியும். 'தி' என்று பெயருக்கு முன் வரும் சிறுசொல்லுக்கு நேரான சொல் எம்மிடம் இல்லை. எழுத்திலும் இடர் உண்டு. 'பல்' என்பதில் ஒருவகையாகவும் 'கம்பு' என்பதில் வேறுவகையாகவும் ஒலிக்கும் பகரத்துக்கு ஆங்கிலம் இரண்டு எழுத்துக்களை வைத்திருக்கின்றது; அவ்விரண்டின் பெயர்களையும் தமிழெழுத்தில் வேறுபடுத்தி இங்கே எழுதிக்காட்டவும் இயலாது. பெரியது என்பதற்கும் பன்றி என்பதற்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்தே வேற்றுமையாதலால், 'என் தந்தை பெரிய மனிதர்' என்று எழுதப்புகுந்த சிறுவன் தந்தையைப் பன்றியாக்கிவிடுகின்றான். சிரித்துவிட்டு அடிப்பதிற் பயனில்லை. இரண்டு ஒலியையும் அவன் காது பிரித்தறியும்வரை கை பிரித்தெழுதாது.

இவ்வாறு பிழையின் வேரை அறிந்த ஆசிரியர், கொப்பி முழுவதையும் சிவப்பு மையால் நனைக்கமாட்டார். இவ்வாரம் 'இஸ்' விடுபட்ட இடங்களை மாத்திரம் கோடிடுவார். பிழையைத் திருத்தும் வேலையை மாணவனுக்கு விடுவார். அடுத்த வாரம் வேறொன்று. ஒரு கொப்பிக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பதுக்கு 200 நிமிடம். ஒரே நாளில் இயலாது என்பது உண்மையே. நாளொன்றுக்கு எட்டுக் கொப்பி வாங்கினால் நாற்பது நிமிடம். ஐந்து பள்ளி நாளில் வகுப்பு முடிந்துவிடும். பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்குவோர் இந்நாற்பது நிமிடத்தையும் ஆசிரியருக்கு விட்டுக்கொடுத்தல்வேண்டும்.

தமிழிலே ஒரு கதையை வாசித்துச் சுருக்கிக் கூறத் தெரியாத பிள்ளை ஆங்கிலத்தில் அதனைச் செய்யமாட்டான் என்பதையும் மறத்தலாகாது. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகிய விபுலானந்த அடிகளே 1947 இல் யாழ் நூலைத் தந்தார். ஒரு மொழியிற் கூர்மையாக வாசித்தவர்க்கு மற்றை மொழி பகையாகவில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓரறையிலிருந்து ஒரே வகுப்பின் கொப்பிகளைப் பார்த்து உரையாடும் வழக்கம் எங்கேனும் உண்டாயின், அக்கல்லூரியை நாம் வாழ்த்துகின்றோம்.

ஜூபிலிக்கெனச் சேர்த்த பணத்தில் தோரணவாயில் எழுப்புதல் பற்றிப் பேசப்படுகின்றது. வாயில் எழட்டும், அதன் செலவில் ஒரு சிறு பங்கை ஆறாந் தரத்துக்கும் ஏழாந் தரத்துக்கும் உரிய மெல்லிய ஆங்கிலக் கதைநூல்களுக்கு ஒதுக்கும்படி கேட்கின்றோம். நூற்பட்டியலை அவ்வகுப்புக்களின் ஆங்கில ஆசிரியர்களே இடவேண்டும். கொடையாளரின் விருப்பம் அதிற் குறுக்கிடலாகாது. ஊரிலே ஓய்வுபெற்றிருக்கும் பழைய மாணவர் பலர் அஞ்சல் கந்தோர்களிலும் கச்சேரிகளிலும் முப்பதாண்டு ஆங்கிலத்திற் கடிதம் வரைந்தவர்கள். அதிபரின் அனுமதியோடு அவர்கள் வாரத்தில் இரண்டு பிற்பகல் வந்து, ஆறு பிள்ளைகளைச் சுற்றியிருத்தி, ஒரு பக்கத்தை வாசிக்கவிட்டு, 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். இலக்கணம் போதிக்கத் தொடங்கிவிடாதிருத்தல் மாத்திரமே அவர்களுக்கு நாம் விதிக்கும் நிபந்தனை.

நூல் அலுமாரியின் திறப்பு வகுப்பு மாணவர் தலைவன் கையில் இருக்கட்டும். நூல்கள் சில கிழியும், சில வீட்டோடு நின்றுவிடும். அவற்றை மீண்டும் வாங்குவதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இப்பொழுதே எழுதிவைத்தல்வேண்டும்.