தாய்க்கு ஓர் அறை வேண்டும்

வேலைக்குச் செல்லும் தாய் பாலூட்ட நம் நாட்டுச் சட்டம் நேரம் தருகிறது, இடத்தைக் கட்டாயமாக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களின்படி, தன்கீழ் வரும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரு இடைவேளைகள் அளிக்கிறது. தக்க இடமிருப்பின் ஒவ்வொன்றும் அரை மணி. இல்லையேல் ஒரு மணி.

பருத்தித்துறையிற் பிள்ளையை விட்டு யாழ்ப்பாண நகருக்குப் பஸ்ஸில் வருபவள் ஒரு மணி நேரத்திற் போய்ப் பாலூட்டி மீள்வதெங்ஙனம்? பாலைப் பீச்சியெடுத்து வைப்பதே வழி. அதற்கு இடம் மலசலகூடமா? நம் சோற்றை அங்கே சமைப்போமா?

தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டிலேயே பேருந்து நிலையங்களிற் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. வழிப்போக்கருக்குச் செய்ய முடிந்ததை நம் கந்தோர்களும் கடைகளும் தம் ஊழியருக்குச் செய்யலாகாதா? தாழ்ப்பாளிட்ட சிறு அறை, ஒரு நாற்காலி, கைகழுவ நீர், பாலை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி: நாம் கேட்பது இவ்வளவே.

வெங்காயத் தோட்டத்திற்குக் கூலிக்கு வரும் தாய்க்கும் ஒரு கிடுகு மறைப்பேனும் வேண்டும். கன்றுக்கு விட்டுக் கறக்கும் கமக்காரருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. தொழில் தருவோர் தாமாக முன்வருக. வாராவிடின் நேரத்தோடு இடத்தையும் சட்டமே விதித்தல் வேண்டும்.