பாடம் பிந்துகிறது, திருமணம் முந்துகிறது!

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்று அப்பெயர்க்குப் பொருள் கூறுவர். அவர்தம் தாய்மொழி தமிழே. ஏர்க்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கூலிக்கு உழைக்கும் அவர்தம் மகளிர் மலையை ஆள்வது இருக்கட்டும். தம் உடலை ஆளும் அறிவையேனும் பெற்றனரா?

கருத்தடை முறைகளை விரித்துரைக்கும் பாடம் தமிழ்நாட்டுப் பள்ளி நூலில் இல்லாமலில்லை. 12-ஆம் வகுப்பு விலங்கியலில் 'இனப்பெருக்க நலன்' எனும் இயல் உண்டு. ஆனால், அது யாருக்கு? மேனிலை வகுப்பில் உயிரியல் எடுத்தவர்க்கு மட்டும்! வணிகவியல் பயில்வார்க்கு இல்லை. இடையிலேயே படிப்பை விட்டு மணவறைக்குச் செல்லும் மலைமகளுக்கு அறவே இல்லை. பெண்ணின் மணவகவை 18 என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டம் மீறப்படும் குடிலில்தான் அவ்வறிவு முதற்கண் வேண்டும். முதிரா அகவைத் தாய்மையில் பேறுகால வலிப்பும் எடை குறைந்த மகவும் மிகுதி என்பது மருத்துவம் கண்ட உண்மை.

10 முதல் 19 அகவையினர்க்கென 2014-இல் நடுவணரசு ஒரு திட்டம் வகுத்தது. நலநிலையங்களில் அறிவுரையும் கருத்தடைப் பொருளும் கிடைக்க அது வழிசெய்கிறது. அதன் பெயரோ 'இராட்டிரிய கிசோர் சுவாத்திய காரியக்கிரம்'! தன் நலத்திற்கான திட்டத்தின் பெயரே விளங்காத சிறுமி அதன் வாயிலை எங்ஙனம் மிதிப்பாள்?

அச்சமும் அவளைத் தடுக்கிறது. 18 நிரம்பாதவள் கருவுற்று வந்தால், 2012-ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாப்புச் சட்டப்படி மருத்துவர் அதனைத் தெரிவித்தாக வேண்டும். கருக்கலைப்பை நாடும் அத்தகையாள் வேண்டினால் அவள் பெயரை வெளியிட வேண்டுவதில்லை என 2022-இல் உச்சநெறி மன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மலையூர்த் தாய்க்கு எடுத்துரைத்தவர் யார்?

பள்ளியில் இதைப் பேசினால் ஒழுக்கம் கெடும் என்பர் சிலர். 2007-இல் மாநிலங்கள் சில வளரிளம் பருவக் கல்வியைத் தடுத்தபோதும் இதுவே சொல்லப்பட்டது. அக்கல்வியால் இளையோர் முன்கூட்டியே உடலுறவில் இறங்குவதில்லை என்பதை உலக ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பு காட்டியது. கெடுப்பது அறிவன்று, அறியாமையே!

1929-இல் செங்கற்பட்டுத் தன்மதிப்பு மாநாடு பெண்ணின் மணவகவையை உயர்த்தக் கோரியது. கருத்தடையைப் பெண்விடுதலைக்கே உரியதாகப் பெரியார் முழங்கினார். அம்மண்ணில், இப்பாடம் 8-ஆம் வகுப்பிலேயே தொடங்கட்டும். ஆண்பிள்ளைக்கும் கற்பிக்கப்படட்டும். பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகட்குச் செவிலியர் திங்கள்தோறும் செல்லட்டும். கருத்தடைப் பொருள் நலநிலையத்தில் இருக்கட்டும். அதற்கு வழிகாட்டும் சொல் வகுப்பறையில், தூய தமிழில் ஒலிக்கட்டும்.

தன்னுடலை ஆளத் தெரிந்தவளே நாளை மலையையும் ஆள்வாள்!