‘நம் ஊர் உணவு உண்டு’ என்றால் போதுமா?

பெரம்பூர், அயனாவரம் பகுதிகளில் பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் இப்போது குழுவாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்று வருகின்றனர். மகிழத்தக்க செய்தி. ஆயினும், முன்பணம் செலுத்தும்முன் குடும்பத்தார் ஏற்பாட்டாளரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: நம் ஊர் உணவு கிடைக்குமா? நோயுற்றவரைப் பொறுத்தவரை, எப்போது கிடைக்கும் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

ஐ.சி.எஃப்.பிலும் இரயில்வே பணிமனைகளிலும் பல்லாண்டு மணி பார்த்து உண்டவர்களுக்கும் சுற்றுலாப் பேருந்தில் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். நாற்பது பேர் ஏறி இறங்குவதற்குள் ஒரு மணி உணவு மூன்று மணிக்குத் தள்ளிப்போகும். இன்சுலினோ சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்துக்கொண்டவர், உண்ணாமல் பத்துமலையின் 272 படிகளை ஏறினால் இரத்தச் சர்க்கரை சட்டெனத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பேருந்தில் விட்டுவந்த பையில் இருந்து பயனில்லை. இன்சுலினையும் கைப்பையிலேயே கொண்டுசெல்க. சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் அது உறைந்து கெடக்கூடும். அந்நாடுகளின் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. ஊசி நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டறிக.

விமான நிறுவனங்கள் பலவற்றில் நீரிழிவு உணவு, உப்புக் குறைந்த உணவு என்று தனித்தனியே உண்டு. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். குழுப் பயணத்தில் பயணச்சீட்டு ஏற்பாட்டாளர் கையில் இருப்பதால், பதிய வேண்டியவரும் அவரே. ஆகவே உணவுக் கட்டுப்பாட்டை எழுத்தில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதையும் எழுத்தில் பெறுங்கள். “ஒருவருக்காக எல்லாரையும் தொல்லைப்படுத்துவதா?” என்று தயங்கி நோயையே மறைப்போர் உண்டு. இத்தயக்கத்தை நான் ஏற்கவில்லை. அவரும் முழுக் கட்டணம் செலுத்தியவர்தாமே!

வீட்டிலிருந்து ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக்கொடுப்பது அன்பின் செயல். ஆனால் இதய நோயாளிக்கு அது உப்பு மூட்டை. நாளொன்றுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய வால்வு மாற்றி வார்ஃபரின் உட்கொள்வோர், பயணத்தில் கீரையைத் திடீரெனக் கூட்டவும் வேண்டா, அடியோடு விடவும் வேண்டா.

தேநீர்ப் பிரியர்களுக்கு ஒரு சொல்: சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் வெறுமனே ‘தே’ என்றால் இனிப்பூட்டிய கெட்டிப்பால் கலந்துவிடும். ‘தே-ஓ கொசோங்’ என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இராது. சிறுநீரக நோயாளிகள் அங்குள்ள பழத்தட்டையும் பார்த்து உண்ண வேண்டும். நட்சத்திர வடிவில் நறுக்கிவைக்கும் பழம் அவர்களுக்கு நஞ்சாகி விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுசெல்லக்கூடும். ஒரு துண்டும் வேண்டா.