சைக்கிள் சீட்டில் மரத்துப்போகும் அந்த இடம்: கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாமா?

நண்பர்களே, இது சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான இழை. குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஈசிஆரில் நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வருபவர்களுக்கு. உங்க வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால் அவருக்கு அனுப்பி வையுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ரெண்டு மூணு மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு இறங்கினால் கவட்டைப் பகுதி மரத்துப் போயிருக்கும். சிறுநீர் கழிக்கப் போனால் வேறு யாரோ ஒருவர் உடம்பைத் தொடுவது மாதிரி இருக்கும். சிலருக்கு அஞ்சு நிமிடத்தில் சரியாகிவிடும். சிலருக்கு மறுநாள் வரை இருக்கும். மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். சைக்கிள் குழுவில் தைரியமாகக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பழகிடும் ப்ரோ."

இந்த "பழகிடும்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

புதிதாக ஓட்ட ஆரம்பித்தவருக்குப் பின்பக்கம் வலிக்கும். நாம் உட்காரும்போது தரையில் அழுந்துமே, ரெண்டு எலும்பு, அந்த இடத்தில் வலிக்கும். அது ரெண்டு மூணு வாரத்தில் உண்மையிலேயே பழகும். மரத்துப்போவது வேறு. வலி என்பது நரம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மரத்துப்போவது, நரம்பு வேலையை நிறுத்திவிட்டது என்பதற்கு அடையாளம். அதைப் பழக்கப்படுத்திக்கொள்ள முடியாது, கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். யோகா மாஸ்டர் மூலாதாரம் என்று ஓர் இடத்தைச் சொல்வாரே, ஆசனவாய்க்கு முன்னால், பிறப்புறுப்புக்குப் பின்னால், அதுதான் நம்ம இடம். முதுகுத்தண்டின் அடியிலிருந்து கிளம்பும் புடெண்டல் நரம்பு இடுப்பெலும்பின் உட்பக்கமாக ஒரு குறுகிய பாதையில் வந்து இங்கே பிரிகிறது. பிறப்புறுப்பின் உணர்ச்சி, சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளின் கட்டுப்பாடு எல்லாம் இதன் பொறுப்பு. கூடவே அதே பாதையில் ரத்தக்குழாயும் வருகிறது. "புடெண்டல்" என்ற பெயரே வெட்கம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயர் வைத்தவர்களே வெட்கப்பட்டிருக்கிறார்கள், நம்ம ஆட்களைச் சொல்லி என்ன பயன்!

நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை அந்த ரெண்டு எலும்பின் மேல் இறங்கும். எலும்பு தாங்கும், அதுக்குத்தான் அது இருக்கிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போக ஹேண்டில்பார் மேல் குனிந்தால் இடுப்பு முன்பக்கம் உருளும். எடை எலும்பிலிருந்து நகர்ந்து, சீட்டின் மூக்குப் பகுதியில் அந்த மென்மையான இடத்தின் மேல் வந்துவிடும். கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கினால் காலையில் கை மரத்துப் போயிருக்குமே, அதே கதைதான். அங்கே கையை உதறிவிட்டு எழுந்துவிடுவோம். இங்கே இன்னும் எண்பது கிலோமீட்டர் பாக்கி இருக்கும்.

"எங்க தாத்தா ஹெர்குலிஸ் சைக்கிளில் ஆயுசு முழுக்கப் போனார், அவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள் என்று தெரியும். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். சீட் அகலமானது, அடியில் ஸ்பிரிங். வழியில் நாலு பேரைப் பார்த்தால் இறங்கிப் பேசினார், மேடு வந்தால் தள்ளிக்கொண்டு போனார். இதுக்கு நான் எழுதப்போகும் வைத்தியத்தில் பாதியை அவர் தெரியாமலே செய்துகொண்டிருந்தார்.

இனி கொஞ்சம் கணக்கு. நார்வேயில் ட்ரோண்ட்ஹைம் நகரிலிருந்து ஓஸ்லோ வரை 540 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற அமெச்சூர் ஆட்கள். அதை முடித்தவர்களிடம் விசாரித்து 1997இல் ஓர் ஆய்வு வெளியானது. பதில் சொன்ன 160 ஆண்களில் 35 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், இந்த நரம்புப் பகுதியில் பிரச்சினை. பத்துப் பேருக்கு ஆணுறுப்பில் மரத்த தன்மை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. 21 பேர் விறைப்புத்தன்மை பாதித்ததாகச் சொன்னார்கள். அதில் மூன்று பேருக்கு ஒரு மாதத்துக்கு மேல்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சைக்கிள் ஓட்டுபவர்கள், நீந்துபவர்கள், ஓடுபவர்கள் மூன்று தரப்பையும் ஒப்பிட்டது. ஆண்களின் பாலியல் செயல்பாடு சைக்கிள்காரர்களுக்கு மட்டும் மோசமாக இல்லை. ஆகவே "சைக்கிள் ஓட்டினா ஆண்மை போயிடும்" என்ற வாட்ஸப் பீதியைக் கிளப்பாதீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஓட்டும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தவர்களுக்கு மரத்துப்போவது குறைவு. காசு செலவில்லாத மருந்து.

அடுத்தது, மரத்துப்போகிறது என்றதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம்: ஜெல் சீட் வாங்குவது. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "மெத்து மெத்துனு இருக்கு சார்" என்று வாங்கி வருவோம். மெத்தென்ற குறுகிய சீட்டில் எலும்பு உள்ளே புதையும். எலும்பு புதைந்தால் நடுவில் உள்ள ஜெல் பிதுங்கி மேலே எழும்பி அந்த மென்மையான இடத்தை அழுத்தும். ஜெர்மனியில் 2002இல் ஆணுறுப்பின் ரத்த ஓட்டத்தை ஆக்ஸிஜன் அளவு வைத்து சீட் சீட்டாக அளந்தார்கள். தடிமனான மெத்தை வைத்த குறுகிய சீட்டில் ஆக்ஸிஜன் 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. மூக்கே இல்லாத அகலமான சீட்டில் விழுந்தது சுமார் 20 சதவீதம். மெத்தையை விட அகலம்தான் முக்கியம்.

அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள் 90 பேருக்கு ஆறு மாதம் மூக்கில்லாத சீட் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு வெளியானது 2008இல். மரத்துப்போகவே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். பழைய சீட்டுக்கே திரும்பியவர்கள் மூன்றே பேர். அந்த நாட்டின் தொழில்சார் சுகாதார நிறுவனமே இதை எடுத்துச் செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வேலையால் வரும் கோளாறு என்று பார்த்தார்கள், வெட்க சமாசாரமாகப் பார்க்கவில்லை.

நம்ம பக்கம் நடப்பது வேறு. ஒருவர் வந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும் சைக்கிள் வாங்கியவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மரத்துப்போதல், கூடவே விறைப்பில் சிக்கல். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு, மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஒரு வைத்தியரிடம் போய் 18,000 ரூபாய்க்குப் பொடியும் லேகியமும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சைக்கிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சீட்டின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூக்கைச் சமமாக்கி, உயரத்தைக் குறைத்து, அகலமான சீட்டுக்கு மாற்றியதும் மூன்று வாரத்தில் மரத்துப்போவது நின்றது. விறைப்புப் பிரச்சினை நிற்கவில்லை. ஏனென்றால் அவருடைய மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.4. சர்க்கரைதான் நரம்பையும் ரத்தக்குழாயையும் அரித்துக்கொண்டிருந்தது, சைக்கிள் மேல் பழி போட்டுவிட்டு அது நிம்மதியாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் விறைப்பில் சிக்கல் வந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். இதயத்துக்குப் போகும் குழாயில் வரப்போகும் அடைப்புக்கு அது சில சமயம் முன்னறிவிப்பு. லேகியம் இதைக் கண்டுபிடிக்காது.

சரி, என்ன செய்யணும்?

முதலில் சீட்டின் அகலம். கெட்டியான படியில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டை வைத்து, அதன் மேல் ரெண்டு நிமிடம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். எழுந்து பார்த்தால் ரெண்டு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளங்களின் நடுவிலிருந்து நடு வரை ஸ்கேல் வைத்து அளந்து, அதோடு ரெண்டு சென்டிமீட்டர் கூட்டுங்கள். தோராயமாக அதுதான் உங்க சீட்டின் அகலம். நடுவில் வெட்டு அல்லது பள்ளம் உள்ள சீட் பலருக்கு உதவும், எல்லோருக்கும் இல்லை. வெட்டின் ஓரமே சிலருக்கு அழுத்தும். ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும்.

பிறகு உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் அதிக உயரம், உரசலும் அழுத்தமும் ரெண்டும் வரும். மூக்கு சமமாக, அல்லது ஒரு நூல் கீழே. ரொம்பக் கீழே சாய்த்துவிடாதீர்கள், வழுக்கி முன்னால் வந்து எடையெல்லாம் கையில் இறங்கும். அப்புறம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறது என்று வருவீர்கள். ஹேண்டில்பார் சீட்டை விடத் தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள். உங்களுக்கு யாரும் மஞ்சள் ஜெர்சி தரப்போவதில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று முப்பது வினாடி மிதியுங்கள். வீட்டுக்குள் ட்ரெய்னரில் ஓட்டுபவர்கள் இதை மறக்கவே கூடாது. ரோட்டிலாவது ஸ்பீடு பிரேக்கர் நம்மை எழுப்பிவிடும், ட்ரெய்னரில் அதுவும் கிடையாது. பேடு வைத்த ஷார்ட்ஸ் போடுங்கள், ஆனால் அதற்குள் ஜட்டி போடாதீர்கள். சிரிக்காதீங்க, தையல் உரசித்தான் பாதிப் புண் வருகிறது.

பெண்களுக்கு இது வராது என்று நினைத்துவிட வேண்டாம். அதே நரம்பு, அதே இடம். ஹேண்டில்பார் சீட்டை விடத் தாழ்வாக இருக்கும்போது பெண்களுக்கும் அங்கே அழுத்தம் கூடி உணர்ச்சி குறைகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மரத்துப்போவதோடு வீக்கம், புண், சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து வரலாம். ஆண்களாவது "ப்ரோ"விடம் கேட்கிறார்கள், பெண்களுக்கு அந்த "ப்ரோ"வும் கிடையாது. பெண்கள் சைக்கிள் குழுக்களில் மூத்தவர்கள் யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் பத்துப் பேர் பிழைப்பார்கள்.

குழு நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்ட பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி நேரம் கொடுக்கிறீர்கள். கிளம்பும் முன் ஹெல்மெட், லைட், பஞ்சர், எலெக்ட்ரோலைட் எல்லாம் பேசுகிறீர்கள். இதற்கும் அஞ்சு நிமிடம் ஒதுக்குங்கள். "மரத்துப்போனா நிறுத்தி இறங்கி நடங்க, சீட்டைச் சரிபண்ணுங்க, சரியாகலைன்னா விட்டுட்டு வாங்க" என்று மைக்கில் ஒருத்தர் சொன்னால் போதும். அதைக் கேட்டபிறகு பாதியில் திரும்பி வருபவரைக் கிண்டல் பண்ணவும் யாருக்கும் வாய் வராது.

டாக்டரிடம் எப்போது போவது? இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சரியானால் சைக்கிளைச் சரிசெய்யுங்கள். மறுநாளும் இருந்தால் சைக்கிளைத் தொடாமல் ஓய்வு கொடுங்கள். ஒரு வாரம் தாண்டினாலோ, உட்கார்ந்தால் அந்த இடத்தில் எரிச்சலும் வலியும் வந்து எழுந்தால் குறைந்தாலோ, விறைப்பில் மாற்றம் தெரிந்தாலோ, சிறுநீர் மெலிந்து திக்கித் திக்கி வந்தாலோ காட்டுங்கள். என்ன சொல்வது என்று கூச்சமாக இருந்தால் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள்: "சைக்கிள் ஓட்டினப்புறம் கீழே மரத்துப்போகுது டாக்டர், இத்தனை நாளா இருக்கு." மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

இன்னொன்று, இதற்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதுகுவலி இருக்கும் ஒருவருக்கு, சைக்கிளே ஓட்டாமல், சீட்டில் படும் அதே பகுதி திடீரென மரத்துப்போனால், கூடவே சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் மலம் போனாலோ, கால் தளர்ந்தாலோ, அது முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நசுங்குவதாக இருக்கலாம். மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம் அது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே எம்ஆர்ஐ வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.